கேரேஜ் மோட்டாரைத் திட்டுவதற்கு முன்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் வீட்டுக்குள் நுழைவது வாசல் கதவு வழியாக அல்ல, கேரேஜ் வழியாகத்தான். அந்தக் கதவு முனகினாலோ பாதியில் நின்றாலோ பழி முழுக்க மேலே தொங்கும் மோட்டாருக்குப் போகிறது. உண்மையில் கதவின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். இரண்டு கார் அகலக் கதவு 70, 80 கிலோ இருக்கும். ஸ்பிரிங் அதைச் சமன் செய்வதால்தான் அரைக் குதிரைசக்தி மோட்டாரால் சுலபமாக இழுக்க முடிகிறது. அதனால் கோளாறை முதலில் கதவில் தேடுங்கள்.

1. கதவை முழுக்க மூடிவிட்டு, தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரின் பிடியிலிருந்து விடுவியுங்கள். கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி, மெல்லக் கையைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் கதவு நலம். சரசரவென்று இறங்கினாலோ தானாக மேலே ஏறினாலோ ஸ்பிரிங்கின் இறுக்கம் சரியில்லை. தூக்கவே முடியாத கனம் என்றால் அநேகமாக ஸ்பிரிங் உடைந்திருக்கும். கதவு திறந்திருக்கும்போது மட்டும் அந்தக் கயிற்றைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் பழுதாகியிருந்தால் மொத்த எடையும் ஒரே வேகத்தில் கீழே வரும்.

2. ஸ்பிரிங் வேலையை ஆள் வைத்துச் செய்யுங்கள். கதவுக்கு மேலே தண்டில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் கை எலும்பை முறிக்கும் அளவு முறுக்கேறியது. யூடியூப் பார்த்து இதைக் கழற்றப் போகிறவர்களின் துணிச்சலை நான் பாராட்ட மாட்டேன். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடத் தாங்கும். தினம் நான்கு முறை என்றால் ஏழு வருஷத்துக்குள் ஆயுள் முடிகிறது. உங்கள் வீட்டில் ஸ்பிரிங் பக்கவாட்டில் நீளமாக இருந்தால், அதன் நடுவே பாதுகாப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

3. கீல்களுக்கும், உருளைகளின் பேரிங்குக்கும், ஸ்பிரிங்குக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை சிலிகான் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். தண்டவாளத்துக்கு எதுவும் வேண்டாம், துணியால் துடைத்தாலே போதும். எண்ணெய் பூசினால் தூசி அப்பிக்கொண்டு உருளை திக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும், அது சமையலறையிலேயே இருக்கட்டும்.

4. அதிர்வில் தளர்ந்த நட்டுகளை முடுக்கலாம். கதவின் அடி மூலைகளில் கம்பிவடம் மாட்டியிருக்கும் பட்டையை மட்டும் தொடாதீர்கள். ஸ்பிரிங்கின் முழு இழுவையும் அங்கேதான் இருக்கிறது.

5. கதவு இறங்க மறுத்து, மோட்டார் விளக்கு கண் சிமிட்டினால் குற்றவாளி பெரும்பாலும் சென்சார்தான். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல், இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சிலந்தி வலை, சாய்த்து வைத்த துடைப்பம், பிள்ளைகளின் சைக்கிள் என்று எது குறுக்கிட்டாலும் கதவு நின்றுவிடும். கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். இரண்டிலும் சிறு விளக்கு நிலையாக எரியும்வரை லேசாகத் திருப்பி நேராக்குங்கள். மாலை நேரத்தில் மட்டும் தகராறு என்றால் ஒளியை வாங்கும் சென்சார் கண்ணில் வெயில் நேராகப் படுகிறது என்று பொருள். வாங்குவதையும் அனுப்புவதையும் பக்கம் மாற்றிப் பொருத்தினால் தீரும். தொல்லை தாங்காமல் இரண்டு கண்களையும் மேலே ஒன்றாகக் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்தான குறுக்குவழி கிடையாது.

6. மாதம் ஒருமுறை, ஒன்றரை அங்குல கனமுள்ள மரக்கட்டையைக் கதவு இறங்கும் இடத்தில் படுக்க வைத்து மூடிப் பாருங்கள். கட்டையைத் தொட்டதும் இரண்டு வினாடிக்குள் கதவு திரும்பி ஏற வேண்டும். ஏறாவிட்டால் சரிசெய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

7. மோட்டார்ப் பெட்டியில் இரண்டு விதமான சரிசெய்தல் உண்டு: கதவு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது ஒன்று, எவ்வளவு பலத்தோடு போக வேண்டும் என்பது இன்னொன்று. பழைய மாடலில் திருகுகள், புதியதில் பொத்தான்கள். கதவு தரையைத் தொடாமல் நின்றால் இறங்கும் தூரத்தைக் கூட்டுங்கள். தரையைத் தொட்டவுடன் திரும்பி ஏறினால், தரையையே தடையாக எடுத்துக்கொள்கிறது, தூரத்தைக் குறையுங்கள். கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பலத்தைக் கூட்டுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. கதவு கனத்துப்போனதை அது மறைக்கும், யாராவது அகப்பட்டால் நசுக்கவும் செய்யும். எதை மாற்றினாலும் கடைசியில் அந்த மரக்கட்டைச் சோதனை கட்டாயம்.

8. பனிக்காலத்தில் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பொத்தானை விடாமல் அழுத்தினால் ரப்பர் கிழியும், மோட்டாரின் பல்சக்கரமும் தேயும். ஹேர் டிரையரால் சூடுகாட்டிப் பிரியுங்கள்.

9. மோட்டார் இழுக்கும் சங்கிலி லேசாகத் தொய்ந்திருப்பது இயல்பு. இழுத்துக் கட்டினால் தேய்மானம்தான் கூடும்.

10. ரிமோட் கிட்டப் போனால்தான் வேலை செய்கிறதா? பேட்டரியை மாற்றியும் பலனில்லை என்றால், மோட்டாரில் மாட்டிய எல்.இ.டி. பல்பைக் கழற்றிப் பாருங்கள். சில பல்புகள் சிக்னலைக் கெடுக்கும். ரிமோட் அறவே செத்து, சுவர் பொத்தான் மட்டும் வேலை செய்தால், அதிலுள்ள பூட்டுப் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கலாம்.

11. பழைய வீடு வாங்கியவர்கள் முதல் நாளே ரிமோட் நினைவகத்தை அழித்துவிட்டு, தங்கள் ரிமோட்டைப் புதிதாகப் பதிய வேண்டும். முந்தைய சொந்தக்காரர் யார் யாரிடம் ரிமோட் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

12. மின்சாரம் போனால் சிவப்புக் கயிறுதான் கைகொடுக்கும். வீட்டில் எல்லாருக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு. 2017 காட்டுத்தீயின்போது கலிபோர்னியாவில் மின்தடையால் கேரேஜைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி, 2019 ஜூலை முதல் அங்கே புதிதாகப் பொருத்தும் மோட்டாருக்கு மாற்று பேட்டரி கட்டாயம்.

13. அமெரிக்காவில் 1993 தொடங்கித் தயாரான வீட்டு மோட்டார்களில் சென்சார் போன்ற பாதுகாப்பு ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்பது விதி. அது இல்லாத பழைய மோட்டார் இன்னும் ஓடுகிறதென்றால் அதற்கு ரிப்பேர் செலவு செய்யாதீர்கள், மாற்றிவிடுங்கள்.