புராஸ்டேட் புற்றுநோயும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் மனமும்

வரியைப் பற்றியும் எடைக்கல் முத்திரையைப் பற்றியும் நம் இதழில் படித்துப் பழகிய வணிகப் பெருமக்களுக்கு இக்கட்டுரை சற்று வேறாகத் தோன்றலாம். நம் சங்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களே அதிகம் என்பதால் எழுதத் துணிந்தேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயதானால் இது வீங்குவது சகஜம். வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தாலும் அது சாதாரண வீக்கத்தாலோ கிருமித் தொற்றாலோ இருக்கலாம். சதை எடுத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். இதெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். முடிவு தெரிந்த பிறகு மனசு படும் பாட்டைத்தான் யாரும் சொல்வதில்லை.

எங்கள் கீழமாசி வீதியில் வற்றல் மிளகாய் வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். வயது 64. ஒரு கை மிளகாயை அள்ளி முகர்ந்தாலே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எடை போடச் சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருட வாடிக்கைக்காரர் மேல் எரிந்து விழுந்தார். சங்கக் கூட்டத்துக்கு வருவது நின்றது. வியாபாரத்தில் பெரிய அடி விழுந்துவிட்டது போலும் என்று வீதியில் பேசிக்கொண்டோம். நிலுவை என்ன ஆகுமோ என்று இரண்டு பேர் முந்திக்கொண்டு ஆள் அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கடை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு இந்த நோய் கண்டு, ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மகனுக்குக்கூட.

அந்த ஊசியைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். ஆண்மைச் சுரப்பு நீர் குறைந்தால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்று அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் முற்றிய நோய்க்கு இதுவே அடிப்படைச் சிகிச்சை. ஆனால் அந்தச் சுரப்பு நீர் குறையும்போது உடம்பு திடீரென்று தகிக்கும், வியர்க்கும், அசதி தட்டும், எடை கூடும், இல்லற ஆசை அற்றுப்போகும். பலருக்கு மனச்சோர்வும் எரிச்சலும் வரும். நம் பெண்கள் மாதவிலக்கு நிற்கும் வயதில் படுகிற அவஸ்தையை ஒரு ஆண் 64 வயதில் படுகிறான். அண்ணாச்சி சிடுசிடுத்ததற்கு மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இது தெரியாமல் "ஆளே மாறிவிட்டார்" என்று நாங்கள் பேசினோம்.

அறுவை செய்துகொண்டவர்கள் பாடு வேறு. சில மாதங்களுக்குச் சிறுநீர் தானாகக் கசியும். சிலருக்கு அது நீடிக்கும். தாம்பத்திய சக்தியும் குறையலாம். அதற்கான நரம்பைக் காப்பாற்றி அறுவை செய்யும் முறையை டாக்டர் பாட்ரிக் வால்ஷ் 1982இல் கொண்டுவந்தார் என்றாலும், எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை. காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை வெள்ளை வேட்டியில் கல்லாவில் உட்காருபவருக்கு இது எப்பேர்ப்பட்ட கூச்சம்! எழுந்தால் கறை தெரியுமோ, வாடை அடிக்குமோ என்ற பயத்திலேயே கடைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இதற்கென்று உறிஞ்சும் பட்டைகள் மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. இடுப்பின் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. வாய் திறந்து கேட்டால் டாக்டர் சொல்லுவார். கேட்பதில்தான் நம்மவர்களுக்குத் தயக்கம்.

ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையே வேண்டாம், கண்காணிப்போம் என்று சொல்வதும் உண்டு. இங்கிலாந்தில் ஆரம்ப நோய் கண்ட 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக்கி 15 ஆண்டுகள் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். தைரியம் தரும் கணக்கு இது. ஆனாலும் குறித்த தவணைக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு நாளும் தூக்கம் வராது. ஹுண்டித் தவணை நெருங்கும்போது கையில் பணம் இல்லாதவன் படும் பாடு நமக்குத் தெரியாததா?

இன்னொரு கணக்கும் சொல்லியாக வேண்டும். சுவீடன் நாட்டில் 1961 முதல் 2004 வரையான பதிவேடுகளைப் பார்த்ததில், நோய் தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை ஆபத்து மற்ற ஆண்களைவிடச் சுமார் எட்டு மடங்கு இருந்தது. அந்நாட்களில் மாரடைப்பு போன்ற இருதய மரணங்களும் கூடியிருந்தன. எண்ணிக்கையில் சிலரே என்றாலும், முதல் வாரம் ஆபத்தானது என்பது தெளிவு. அந்த வாரத்தில் ஆளைத் தனியே விடக்கூடாது.

ஆண்கள் சோர்ந்தால் அழுவதில்லை. கோபப்படுவார்கள், குடிப்பார்கள், பேச்சைக் குறைப்பார்கள், அல்லது நேரங்காலம் இல்லாமல் கடையிலேயே கிடப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், புற்றுநோய் டாக்டரிடமே அதைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. உடம்பு தகிப்பதற்கும் உண்டு. ஊசியைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. தினசரி நடையும் உடற்பயிற்சியும் அசதியைக் குறைக்கின்றன.

இன்டெல் கம்பெனித் தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவுக்கு 1995இல் இந்நோய் உறுதியானது. அவர் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். பல டாக்டர்களைக் கண்டார். எண்களைத் தாமே வரைபடம் போட்டுப் பார்த்துக் கதிர்வீச்சு முறையைத் தேர்ந்தெடுத்தார். 1996இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் எல்லாவற்றையும் தம் பெயரிலேயே எழுதினார். அதன் பிறகும் கம்பெனியை நடத்தி, 2016இல்தான் காலமானார். நமக்கு அவ்வளவு படிப்பு இல்லை. ஆனால் நோட்டுப் போடத் தெரியும். தேதி, பி.எஸ்.ஏ. அளவு, போட்ட ஊசி, தூங்கிய நேரம், அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியது என்று ஐந்து பத்தி போட்டால் போதும். தலைக்குள் சுற்றுகிற கணக்கு காகிதத்துக்கு வந்துவிட்டால் பாரம் குறையும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சாவியை வாங்கிக்கொள்ளாதீர்கள். அன்பாகத்தான் செய்கிறீர்கள், அவருக்கோ கடையும் போயிற்று என்று தோன்றும். கொள்முதலை மகன் பார்க்கட்டும், இரவு கல்லாக் கணக்கு அவர் கையிலேயே இருக்கட்டும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அண்ணாச்சியிடம் நானே போய், ஆள் அனுப்பியதற்கு வருத்தம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நிலுவை கேட்டு வந்தாவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தாரே" என்றார். இப்போது வாரம் இரண்டு நாள் மாலையில் அவர் கடைப் பலகையில் போய் உட்காருகிறேன். நோயைப் பற்றிப் பேசுவது பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் குண்டூர் மிளகாய் விலைதான்.