ஏங்க, மூச்சு விடுங்க!

எங்கள் வீட்டில் என் குறட்டைக்குக் 'கொடிமலை ரயில்' என்று பெயர். பினாங்கின் ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1923 முதல் எங்கள் மலையில் ஏறி இறங்கும் ரயில் அது. புது ரயில் வருவதற்கு முன்னால் பாதி மலையில் நின்றுவிடும்; இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். என் குறட்டையும் அப்படித்தான். ஏறிக்கொண்டே போகும், பாதியில் நிற்கும், சத்தமே இருக்காது. பிறகு ஓர் உலுக்கலோடு மறுபடி கிளம்பும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்தைந்தைத் தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவாள்: "ஏங்க, மூச்சு விடுங்க!"

தூக்கம் கலைந்த கோபத்தில் அவளைத்தான் திட்டியிருக்கிறேன்.

நான் ஃபேக்டரி பஸ் ஓட்டியவன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபார்லிம் ஃப்ளாட்டுகளின் கீழே நிற்கும் பெண்களை ஏற்றி, பாயா தெருபோங் வளைவுகளில் ஏறி, ரெலாவ் பக்கம் இறங்கி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஏழுக்குள் விட வேண்டும். நாலு மணிக்கு எழுகிறவனுக்குப் பகலில் கண் சொருகத்தானே செய்யும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும். என் தலையும் சாயும். பின்னால் ஹார்ன் அடித்ததும் விழிப்பேன். கசக்கக் கசக்கக் கோப்பி-ஓ குடித்துச் சமாளித்தேன். பின்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஓட்டுநர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏழு மணி நேரம் படுத்து எழுந்தும் ஸ்டியரிங்கில் தூக்கம் வந்தால் அதைச் சோம்பல் என்றோ வயசு என்றோ தள்ளிவிடாதீர்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

தப்பாகப் புரிந்துகொண்ட அறிகுறிகள் இன்னும் உண்டு. ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவேன். சர்க்கரையோ என்று பயந்து சோதித்தேன், இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. தொண்டை அடைத்திருக்கும்போது நெஞ்சு காற்றை இழுக்க முயலும். காற்று வராது, ரத்தம்தான் கூடுதலாக இதயத்துக்குள் வந்து சேரும். இதயத்தின் மேலறைகள் விரிந்து, உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று ஏமாந்து, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கும். பழியோ, பாவம், சிறுநீர்ப்பைக்கு! ரத்த அழுத்தமும் மூன்று வகை மாத்திரைக்கு இறங்கவில்லை. காலையில் வாய் வறண்டு, தலை கனத்துக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

2020 பிப்ரவரி தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனிடம் போனேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வருஷா வருஷம் நிற்காமல் ஏறியவன், அந்த முறை மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மாதமே கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. படியேற வேண்டிய அவசியமும் போயிற்று, உடம்பு காட்டிய எச்சரிக்கையும் மறந்துபோயிற்று.

2021 கடைசியில் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை மூன்றானது, பிறகு நாற்காலியிலேயே தூங்கினேன். ஒரு கிளினிக்கில் வாயுத் தொந்தரவு என்று மருந்து கொடுத்தார்கள், பத்து நாள் குடித்தேன். பதினோராம் நாள் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஃப்ளாட்டுக்குக் கீழே நின்றது.

மூச்சுத் திணறி விழிப்பது இரண்டு வகை. தொண்டை அடைத்து விழிப்பவர் ஒரு பெருமூச்சு விட்டதும் சரியாகிவிடுவார், பல சமயம் விழித்ததே நினைவிருக்காது. நுரையீரலில் நீர் கோத்து விழிப்பவர் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, ஜன்னலைத் திறந்து, பத்து இருபது நிமிஷம் கழித்துத்தான் ஆசுவாசமாவார். இந்த இரண்டாவது வகை வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், இரண்டு வாரம்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். 55-ஐ ஒட்டி இருக்க வேண்டிய கணக்கு, எனக்கு 32. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் மகள் அழுதுவிட்டாள். பெயர்தான் பயங்கரம். இதயம் நின்றுபோவதல்ல, தளர்ந்துபோவது.

என்னைப் பார்த்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், வயது முப்பதைத் தாண்டாது. என்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்: "ஆண்ட்டி, அங்கிள் ராத்திரியில எப்படித் தூங்குவார்?" அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. அவள் பேசாமல் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். நான் தூங்குவதை இரண்டு நிமிஷம் படம் பிடித்து வைத்திருக்கிறாள்! எனக்கே தெரியாது. குறட்டை நிற்கிறது, வயிறு மட்டும் மேலும் கீழும் போராடுகிறது, காற்று உள்ளே போகவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிசி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "முப்பத்தெட்டு செகண்டு," என்றார். பத்து விநாடி நின்றாலே அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கு வைப்பார்களாம்.

டாக்டர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். "அங்கிள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு மேட்டுல எண்ணெய் மிதிச்சா எஞ்சின் என்ன ஆகும்?" அதுதான் ராத்திரி முழுக்க என் நெஞ்சுக்குள் நடந்திருக்கிறது. வாயடைத்த ஊசிக்குழலின் தண்டை இழுப்பதுபோல, அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் சுவரும் வெளிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பை மீறித்தான் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். அதே சமயம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், மூளை பதறி அட்ரினலினைக் கொட்டும், அழுத்தம் எகிறும். தூக்கத்தில் ஓய்வெடுக்க வேண்டிய இதயம் விடிய விடிய மேடேறும். வருஷக்கணக்கில் இப்படி ஓடினால் எந்த எஞ்சினும் தாங்காது.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். தளர்ந்த இதயத்தால் பகலில் காலில் நீர் தேங்கும். படுத்ததும் அந்த நீர் மெல்ல மேலேறிக் கழுத்துச் சதையில் கசிந்து தொண்டையை இன்னும் நெருக்கும். மூச்சு கெட்டு இதயம் கெட்டதா, இதயம் கெட்டு மூச்சு கெட்டதா என்று கேட்டேன். "அதைத் தேட வேணாம் அங்கிள், ரெண்டையும் சேர்த்துப் பிடிப்போம்," என்றார். இதயத் தளர்ச்சி உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்காவது தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருக்கிறதாம். அவர்களில் பலருக்குப் பகல் தூக்கமே வராது. ஆகவே 'எனக்குத் தூக்கம் வருவதில்லையே' என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், 2022 பிப்ரவரி 15 அன்று, மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தார். 'டிஸ்கோ டான்சர்' பாட்டுக்கு ஆடாத எங்கள் தலைமுறை ஆள் உண்டா? வயது 69. தூக்கத்தில் மூச்சுத்தடை நோயை மரணக் காரணமாக மருத்துவமனை சொன்னது. செய்தியை மகள்தான் வாசித்துக் காட்டினாள். அன்றோடு 'கொடிமலை ரயில்' கேலி எங்கள் வீட்டில் நின்றது.

தூக்கப் பரிசோதனை நான் பயந்த மாதிரி இல்லை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. தூங்க வேண்டியதுதான் நம் வேலை. மணிக்கு ஐந்து தடைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 41. ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டிய ஐம்பது வயது ஆண்கள் அழுத்த மாத்திரையும் போடுகிறவர்களாக இருந்தால் கேட்டு வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஒல்லியானவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். தாடை சிறிதாக இருந்தால் எடை இல்லாமலும் வரும். ஆசியர்களுக்கு அப்படி வருவது சகஜம்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம், இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் மெஷின் வேண்டும் என்று ஆனதும் விலை கேட்டு மலைத்துப்போனேன். சில ஆயிரம் வெள்ளி. அப்போது பழைய நண்பன் ஒருவன், காலமான தன் அப்பாவின் மெஷின் சும்மா கிடக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தான். வெளிநாட்டில் வாங்கியது, விலை உயர்ந்தது. அன்று ராத்திரியே மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். மனைவி விடவில்லை: "டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுப் போடுங்க."

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். தூக்கத்தில் மூச்சு நிற்பதிலும் இரண்டு வகை. தொண்டை அடைத்து நிற்பது ஒன்று. தொண்டை திறந்தே இருக்க, மூச்சு விடச் சொல்லும் மூளையே உத்தரவு கொடுக்க மறப்பது இன்னொன்று. இதயம் தளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வகையும் வரும். மூச்சு அலைபோல ஏறி, இறங்கி, அடங்கி, மறுபடி ஏறும். 19ஆம் நூற்றாண்டிலேயே செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு டப்ளின் மருத்துவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நண்பன் கொடுத்த மெஷின் அந்த அலைக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏ.எஸ்.வி. வகை. இதயத்தின் தள்ளும் சக்தி 45 சதவீதத்துக்குக் கீழே போய், மூளை வகைத் தடை மிகுந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2015-இல் வந்தது. மூச்சு சீராயிற்று, ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் கூடிப்போனார்கள். எனக்குத் தேவைப்பட்டதோ ஒரே சீரான அழுத்தத்தில் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உலகுக்குச் சொன்ன எளிய உத்தி அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி, ஒரே குழாய். இணையத்திலோ தெரிந்தவரிடமோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டால் தலைவலிதான் வரும், இது அப்படியில்லை. பணமில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் வாய்விட்டுக் கேளுங்கள், மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட வழி உண்டு. கேட்க வெட்கப்பட்டதில் நான் இரண்டு மாதத்தை இழந்தேன்.

மெஷினோடு குடும்பம் நடத்துவது முதல் மாதம் நரகம். முகத்தில் முதலை கவ்வியது போலிருக்கும். வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க் எனக்கு மீசை வழியாகக் காற்றைக் கசியவிட்டது. முப்பத்தைந்து வருஷத்து மீசை! இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தேன். பிறகு மூக்குக்கு மட்டும் போடும் சிறு மாஸ்க் மாற்றிக் கொடுத்ததில் மீசை தப்பியது. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் ராத்திரி மிரட்சி குறையும். ஈரப்பதத் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த நீர்தான். மிச்சத்தைத் தினமும் கொட்டிக் காயவையுங்கள். பினாங்கு ஈரத்தில் பூஞ்சை மூன்றே நாளில் வந்துவிடும். அறுவைச் சிகிச்சை எதற்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் உங்களுக்கு மூச்சுத்தடை இருப்பதைச் சொல்லுங்கள், மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள்.

மெஷினை மாட்டினால் இதயம் குணமாகிவிடும் என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். சிபேப் பகல் தூக்கத்தைக் குறைத்தது. மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு மூன்றரை மணி நேரம்கூட மாட்டவில்லை என்பதும் உண்மை. என் எக்கோ இப்போது 46 காட்டுகிறது. மெஷினுக்கு எவ்வளவு, நாலு வகை இதய மாத்திரைக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல டாக்டர் மறுத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

உப்பு என்றதும்தான் பெருமூச்சு வருகிறது. ஆயர் ஈத்தாமில் குடியிருந்துகொண்டு லக்சா குடிக்காதே என்றால் எப்படி? மாதம் ஒருமுறை, அரைக் கிண்ணம், மேலே ஊற்றும் இறால் விழுது இல்லாமல். நாசி கண்டார் கடையில் 'குழம்பு வெள்ளம்' கேட்பதை விட்டுவிட்டேன். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே டாக்டருக்குப் போன். ஸ்டவுட் பக்கம் போவதில்லை, அது தொண்டைச் சதையைத் தளர்த்திவிடும். மல்லாந்து படுப்பதும் இல்லை. பஸ்ஸை விட்டேன், பி.எஸ்.வி. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை.

ராத்திரியில் சிறுநீருக்கு ஒருமுறைதான் எழுகிறேன். போன மாதம் அப்படி எழுந்தபோது அறையில் குறட்டைச் சத்தம். என்னுடையதல்ல. இத்தனை வருஷம் என் மூச்சை எண்ணி எண்ணித் தூங்காமல் கிடந்தவள், இப்போது தூங்குகிறாள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குறட்டை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வரை போயிற்று. வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பரிசோதனை.