ஓடி முடித்த கன்னிக்கு ஒரு திண்ணை

கேள்வி: ஐயா, என் சித்தப்பா கன்னி நாய் வளர்த்துப் பந்தயத்தில் விடுகிறவர். அவரிடம் ஐந்து வயதுப் பெட்டை ஒன்று இருக்கிறது. போன ஆடியில் முன்னங்கால் பிசகியதிலிருந்து ஓட்டத்துக்கு ஆகவில்லை. "இதற்கு இனிச் சோறு போடுவது தண்டம். ஒரு ஈத்துக் குட்டி எடுத்துக்கொண்டு மலையடித் தோப்பில் விட்டுவிடலாம்" என்கிறார். நான் வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறேன். வீட்டில் கோழிகள், ஒரு பூனை, நான்கு வயது மகள். வேட்டை பழகிய நாய் வீட்டுக்கு ஆகுமா?
– வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: ஆகும். கோழி விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள்.

முதலில் சித்தப்பா. தோப்பில் விட்டால் முயல் பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று உங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கன்னிக்கு உடம்பில் கொழுப்பு கிடையாது, மேலே மெல்லிய ரோமம்தான். வேளைக்கு வைத்த கஞ்சியில் வளர்ந்த நாய் அது. நொண்டும் காலோடு முயலை எங்கே பிடிப்பது? பிடித்தாலும், முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பிராணி. பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது என்பது அந்தச் சட்டத்தின் வெட்கக்கேடு. அதனால் சட்டத்தைக் காட்டி அவரை மிரட்ட முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

பேசும்போது இதைச் சொல்லுங்கள். பிரிட்டனில் கிரேஹவுண்ட் நாயைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போதே அதன் ஓய்வுக்காக 400 பவுண்டு ஒதுக்கும் திட்டம் 2020இல் வந்தது. பாதி உரிமையாளர் பணம், பாதி பந்தய வாரியத்தின் பணம். அப்படி ஏற்பாடு இல்லாத மக்காவ் நகரில் 2018இல் பந்தயத் திடலை மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் மிஞ்சின. அவற்றுக்கு வீடு தேடும் பாடு விலங்குநல அமைப்பின் தலையில் விழுந்தது. நம் ஊரில் குட்டிக்கு இருக்கிற மவுசு வேறு. நாட்டு இனக் குட்டிகளுக்காக அரசே சைதாப்பேட்டையில் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையே ஏறியது. ஓடி முடித்த நாய்க்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அதை ஓடவிட்டுப் பேர் வாங்கியவர் சித்தப்பா. எக்ஸ்ரே செலவையாவது அவர் ஏற்றுக்கொள்ளட்டும். அந்த 'ஒரு ஈத்து' பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். நொண்டும் பெட்டைக்குச் சுமை அது. பிறக்கும் குட்டிகளும் இதே பந்தயத்துக்குத்தான் போகும்.

நாய் கைக்கு வந்ததும் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். காலுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவது நல்லது. காட்டில் அலைந்த நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன், இது ஓட்ட நாய் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி இனங்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மருந்துகள் உடம்பிலிருந்து இறங்க வெகுநேரம் ஆகும். மருத்துவர் அதற்கேற்ப மருந்தை மாற்றிக்கொள்வார்.

வீடு என்பது இந்த நாய்க்குப் புது ஊர். கயிற்றிலும் தொழுவத்திலும் வளர்ந்தது மாடிப்படியையும், வழுக்கும் டைல்ஸ் தரையையும், நிலைக்கண்ணாடியில் தெரியும் இன்னொரு நாயையும் பார்த்து மிரளும். ஒரு வாரம் திண்ணையோரம் ஒரே இடத்தைக் கொடுங்கள். சாக்கின் மேல் பழைய மெத்தையைப் போடுங்கள். சதையில்லாத முழங்கை வெறும் சிமெண்டில் காய்த்துப் புண்ணாகும். காலை மாலை கழுத்துப்பட்டையோடு சிறு நடை போதும், மற்ற நேரமெல்லாம் தூங்கும். ஓட்ட நாய் ஓயாமல் ஓடும் என்று நினைப்பவர்கள் அது பகலெல்லாம் தூங்குவதைப் பார்த்ததில்லை.

அந்தத் தூக்கம்தான் உங்கள் மகளுக்கு முதல் பாடம். தூங்குகிற நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது; தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சில நாய்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும், திடுக்கிட்டால் பல்லைக் காட்டும். அது கோபமில்லை, ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெரியவர் யாரும் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள்.

பூனையோடு பழக்க முடியும். கயிற்றில் பிடித்தபடி, வாய்க்கூடு போட்டு, எட்ட இருந்து நாலைந்து வாரம் பழக்கினால் வீட்டுக்குள் கண்டுகொள்ளாமல் படுத்திருக்கும். அதே பூனை முற்றத்தில் ஓடினால் வேறு கதை. கண் பார்த்ததைக் கால் துரத்தும். நடுவில் யோசனைக்கு இடமில்லை. கோழிகளுக்குக் கம்பிவலை அடித்த கூண்டே வழி. பழக்கிப் பார்க்கலாம் என்று ஒரு கோழியைப் பலி கொடுக்காதீர்கள். இந்த இனத்துக்குக் கழுத்தைவிடத் தலை பருமன் இல்லை; சாதாரணப் பட்டை உருவிக்கொள்ளும். அகலப் பட்டையாக வாங்கி, காதுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழகிய கேப்பைக் கஞ்சியோடு முட்டையும் வெந்த இறைச்சியும் சேர்க்கலாம். வெந்த கோழி எலும்பு கூடாது. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்தால்தான் சரியான எடை. "சோறே போடுவதில்லையா?" என்று தெருவில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

சித்தப்பா பார்க்க வந்தால் தடுக்காதீர்கள், முதல் மாதம் மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு வந்தாலும், அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே வாசல் கதவைச் சாத்திவிடுங்கள். பிசகிய காலோடும் அது எழுந்து ஓடப் பார்க்கும்.