கம்பியில்லாப் பிரிண்டரும் சங்கத்து ரசீதும்

பணம் செலுத்திய அங்கத்தினர் ரசீது இல்லாமல் சங்கத்தின் படியிறங்கலாகாது என்பது நம் கூட்டுறவு இயக்கத்தின் பழைய கட்டுப்பாடு. கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய காலத்தில் இதற்குப் பெரிய இடையூறு ஏதும் இருக்கவில்லை. பேனா ஒருநாளும் “தொடர்பு இல்லை” என்று சொன்னதில்லை. இப்பொழுதோ சங்கங்களின் கணக்குகள் கணினிக்கு மாறிவருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பும் கூலிப் பட்டியலும் மடிக்கணினியில் ஏறிவிட்டன. ஆகவே ரசீது என்னும் அந்தச் சிறு தாள் இன்று பிரிண்டர் என வழங்கும் அச்சு யந்திரத்தை நம்பியிருக்கிறது. அந்த யந்திரமோ, கம்பி ஏதுமின்றிக் காற்றின் வழியே கணினியின் சொற்படி நடப்பதாக ஏற்பாடு. அது நடவாத நாளில் என்ன நேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

தேவாரத்துக்கு அடுத்துள்ள ஒரு சங்கத்துக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். வாசலில் ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர். விடியுமுன் ஜீப்பில் மலையேறினால் பொழுது சாயும் வேளையில் திரும்புபவர். அடகு வைத்த தோட்டை மீட்க, அசலும் வட்டியும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். பிரிண்டர் வேலை செய்யவில்லை. ரசீது அச்சாகாமல் நகை கொடுக்க இயலாது. நாளை வாருங்கள் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார்.

“இதோட மூணாவது நாளு சார். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகுது” என்றார் அந்த அம்மாள்.

முதலில் கைரசீதுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். அது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. யாரும் தடை விதிக்கவில்லை. கணினி வந்தபின் அதைத் தொடலாகாது என்று அவர்களாகவே எண்ணிக்கொண்டிருந்தனர். ரசீது எழுதிப் பணத்தை வாங்கி, அன்றைய ரொக்கப் புத்தகத்தில் ரசீது எண்ணைக் குறித்து, தோட்டைக் கொடுத்து அனுப்பினோம். பிறகுதான் பிரிண்டரின் அருகில் உட்கார்ந்தேன்.

பட்டம் பெற்றவன் என்ற தைரியத்தில் நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மடிக்கணினியில் இருந்த பிரிண்டரின் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க முயன்றேன். பலிக்கவில்லை. மீண்டும் முயன்றேன். ஒரு மணி நேரத்தில் பட்டியலில் ஒரே பிரிண்டர் மூன்று பெயர்களில் இருந்தது. மூன்றும் “ஆஃப்லைன்” என்றே காட்டின. உரம் வாங்க வந்த விவசாயி ஒருவரின் மகள், பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண், இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சார், பிரிண்டர் எந்த வைஃபையில இருக்குன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டாள். பிரிண்டரின் தகவல் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாள். ஒரு தாள் வெளிவந்தது. அதில் அச்சாகியிருந்த வைஃபையின் பெயர் அந்தக் கட்டடத்திலேயே இல்லாத ஒரு பெயர்!

நடந்தது இதுதான். முந்தின வாரம் இணைய இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றியிருக்கிறார்கள். புதிய ரூட்டர் வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் மாறின. மடிக்கணினிக்குப் புதியதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிண்டருக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மடிக்கணினியில் இணையம் நன்றாக ஓடியதால், பழுது பிரிண்டரில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படியே எண்ணினேன்.

இதிலிருந்து அறியவேண்டிய மூலக் கருத்து ஒன்று உண்டு. அதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். வைஃபை வேறு, இணையம் வேறு. நம் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்ல நல்ல உவமை கைவசம் இருக்கிறது. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருவது ஒன்று. நம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நம் வாய்க்காலில் பாய்ச்சுவது இன்னொன்று. கால்வாய் வறண்டிருந்தாலும் கிணற்று நீர் நம் வாய்க்காலில் ஓடும். இணையம் என்பது வெளியிலிருந்து வரும் கால்வாய்; வைஃபை என்பது நம் தோட்டத்து வாய்க்கால். மடிக்கணினி அனுப்பும் தாள் ரூட்டர் வரை சென்று அங்கிருந்து பிரிண்டருக்குத் திரும்புகிறது. அது ஊரைவிட்டு வெளியே போவதில்லை. இணையம் நின்ற நாளிலும் கணினியில் ஏற்கெனவே உள்ள தாளை அச்சிடலாம். சங்கக் கணக்கு மென்பொருள் தொலைவிலுள்ள கணினியில் இயங்குமாயின், புதுப் பதிவு செய்ய இணையம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது அச்சு யந்திரத்தின் குற்றமன்று. பயிர் இரண்டு தோட்டங்களில் இருந்தால் ஒரே வாய்க்கால் இரண்டுக்கும் பாயாது. அதுபோல மடிக்கணினியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருந்தாலன்றி ஒன்றின் சொல் மற்றொன்றுக்கு எட்டாது.

இவ்விடத்தில் சிறிது வரலாறு. கம்பியில்லாமல் கணினிகள் பேசிக்கொள்வதற்கான 802.11 என்னும் நியமம் 1997இல் வெளியாயிற்று. வைஃபை என்ற பெயர் 1999இல் பிறந்தது. ரேடியோப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டிய நம் நாட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 2005இல் வந்தது. இன்று ரூட்டர்களில் பெரும்பாலானவை 2.4, 5 என இரு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4இன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண். சுவரைக் கடப்பதில் இது 5ஐவிடச் சமர்த்து. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரூட்டரில் இரு பெயர்கள் தோன்றினால் பிரிண்டருக்கு 2.4இன் பெயரையே கொடுக்கவேண்டும்; மற்றதை அது காணவே காணாது. மடிக்கணினி அதே ரூட்டரின் 5இல் இருப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. இரும்பை எந்த அலையும் எளிதில் கடப்பதில்லை. நகைப் பெட்டகத்துக்கும் பீரோவுக்கும் இடுக்கில் பிரிண்டரை ஒளித்து வைத்துவிட்டு அலை வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இனி இணைக்கும் முறை. ரூட்டரை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைபெற இரண்டு நிமிஷம் விடுங்கள். பிறகு பிரிண்டர். சிறு திரையுள்ள பிரிண்டராயின் அதில் ‘வயர்லெஸ் செட்டப்’ என்ற இடத்துக்குச் சென்று, தோன்றும் பெயர்களில் நம் சங்கத்தினுடையதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இடவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கருதப்படும். பாதித் தோல்விகள் இதனால்தான். திரை இல்லாத பிரிண்டரில், ரூட்டரின் பின்புறம் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, இரண்டு நிமிஷத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அதன் கையேட்டில் கண்டபடி அழுத்த, இரண்டும் கடவுச்சொல் கேட்காமலே சேர்ந்துகொள்ளும். பெரும்பாலானவற்றில் மின்னிய விளக்கு அசையாமல் எரிவதே சேர்ந்ததற்கு அடையாளம். பொத்தானும் இல்லையேல் கம்பெனியின் செயலியைச் செல்பேசியில் இறக்கிச் செய்வது மூன்றாம் வழி. எவ்வழியாயினும், முடிந்தவுடன் தகவல் தாளை அச்சிட்டு வைஃபையின் பெயரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் வீணாக்கியவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன்.

மடிக்கணினியின் வேலை அதன்பின் எளிது. விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, அதில் ‘புளூடூத் அண்டு டிவைசஸ்’, அதில் ‘பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்’, அங்கே ‘ஆட் டிவைஸ்’. சற்றுப் பொறுத்தால் பிரிண்டரின் பெயர் தோன்றும், சேர்த்துக்கொள்ளலாம். அதே பக்கத்தில், வழக்கமான பிரிண்டரை விண்டோஸே நிர்ணயிக்கட்டும் என்ற விசை இருக்கும். அதை அணைத்துவிட்டு நம் பிரிண்டரையே நிரந்தரமாக்குவது நல்லது. இல்லையேல் என்றோ ஒருநாள் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, ரசீதையும் கோப்பாகவே சேமிக்க முனையும்.

ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் திடீரென ஊமையாவதற்கு, ரூட்டர் மாறியது தவிர வேறு காரணங்களும் உண்டு. இணையம் நின்ற வேளையில் காரியதரிசி மடிக்கணினியைத் தம் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்க்கிறார். பிரிண்டர் பழைய ரூட்டரிலேயே நிற்கிறது. வாய்க்கால் இரண்டாகிவிட்டது. நான் கண்டவற்றில் இதுவே மிகுதி. அடுத்தது மின்தடை. ரூட்டர் தன்னிடம் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பதுபோல் ஓர் எண் கொடுக்கிறது. வாரச்சந்தையில் முந்தி வந்தவருக்கு முந்திய இடம் என்பதுபோல், கரண்ட் போய் வந்தபின் இந்த எண் மாறக்கூடும். எண்ணைக் கொண்டு பிரிண்டரை இணைத்திருந்தால், மடிக்கணினி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவைக்கலாம். நிறுவ வருபவரிடம் முதல் நாளே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மின்தடையைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று: லேசர் பிரிண்டர் மைப்பொடியை உருக்க மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அதைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் மாட்டலாகாது. ரூட்டரை மாட்டலாம், மாட்டவும் வேண்டும்.

அந்தச் சங்கத்தில் பிரிண்டருக்குப் புதிய வைஃபையைச் சொல்லி முடித்தவுடன் நடந்தது எனக்கு மேலும் பாடமாயிற்று. யந்திரம் தானாகவே உறுமத் தொடங்கி, தாள் தாளாகத் தள்ளியது. காலையில் உரம் வாங்கிய மூவருக்குக் குமாஸ்தா அச்சுக் கொடுத்து, வராததால் மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். எல்லாம் வரிசையில் காத்திருந்தன. மூன்று ரசீதுகளுக்குப் பதினொரு தாள்கள்! ஒரே எண், ஒரே தொகை, ஒரே தேதி. எட்டு உபரி ரசீதுகள் மேஜையில் கிடப்பது எத்தகைய ஆபத்து என்பதைத் தணிக்கை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அவற்றின் குறுக்கே “ரத்து” என்று எழுதிக் கையொப்பமிட்டு அன்றைய வவுச்சர்களோடு சேர்க்கச் செய்தேன். அச்சு வராவிட்டால் இரண்டாம் முறை அழுத்துவதற்கு முன் காத்திருப்போர் வரிசையைத் திறந்து பார்த்து, அங்கு நிற்பதை நீக்கவேண்டும். நீங்க மறுத்தால் மடிக்கணினியை ஒருமுறை நிறுத்தித் துவக்கினால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு சொல். சங்கத்தின் வைஃபை கடவுச்சொல் எதிர்த்த டீக்கடை வரை தெரிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த வைஃபையில் சேரும் எவரும் நம் பிரிண்டருக்குத் தாள் அனுப்பலாம். அங்கத்தினர் ஆவணங்கள் உள்ள கணினியின் கதவருகே வந்து நிற்கலாம். வருவோருக்குக் கொடுத்தே ஆகவேண்டுமெனில், பல ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை எனத் தனியாக ஒன்று வைக்கும் வசதி உண்டு. அதில் சேர்ந்தவர்களுக்கு இணையம் கிடைக்கும், பிரிண்டர் பொதுவாக எட்டாது. இதை அறியாமல் சங்கத்து மடிக்கணினியையே விருந்தினர் வைஃபையில் சேர்த்துவிட்டுப் பிரிண்டரைத் தட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், கம்பியை இகழவேண்டாம் என்றும் சொல்வேன். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களின் பின்புறத்தில் யு.எஸ்.பி. கம்பிக்கான துளையும் இருக்கிறது. நல்ல நாளிலேயே ஒருமுறை அந்தக் கம்பியை மாட்டி அச்சிட்டுப் பார்த்து வைத்துக்கொண்டால், வைஃபை படுத்த நாளில் மாட்டிய மாத்திரத்தில் ரசீது வரும். கம்பியும் இல்லை, கரண்டும் இல்லை என்றால் கைரசீதுப் புத்தகம். அதில் எழுதியதை இணைப்பு வந்தவுடன், அன்றைக்கே, கணினியில் ஏற்றிப் புத்தக எண்ணைப் பதிவில் குறிக்கவேண்டும். அங்கத்தினர்களும், பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லப்பட்டால், “கைரசீது கொடுங்கள்” என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

சென்ற மாதம் அதே சங்கத்துக்கு மறுபடி போனேன். பீரோக் கதவின் உட்புறத்தில் வைஃபை பெயரும் பிரிண்டரின் எண்ணும் எழுதி ஒட்டியிருந்தன. கம்பியும் பிரிண்டரின் பின்னால் சுற்றிவைத்தபடியே இருந்தது. அதன் ஒரு முனை சதுரமானது, செல்பேசிக்கு உதவாது. ஆகையால் சார்ஜ் போட என்று அதை எவரும் எடுத்துப் போகவில்லை.