வேலைக்கு ஆள் தேவை



தைப்பிங் கடைத்தெருவில் எந்தக் கடையில் ஏறி உட்கார்ந்தாலும் காதில் முதலில் விழுவது ஆள் பஞ்சத்தைப் பற்றிய பேச்சுத்தான். சாப்பாட்டுக் கடைக்காரர் சமையற்கட்டுக்கு ஆளில்லை என்கிறார். ஜவுளிக் கடைக்காரர், வருகிறவர்கள் மூன்று மாதம் நிற்பதில்லை என்கிறார். முஸ்லிம் உணவக உரிமையாளர்களின் சங்கமாகிய பிரெஸ்மா, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அனுமதிக்க வேண்டுமென்று அரசாங்கத்தைப் பலமுறை கேட்டிருக்கிறது. இந்த நிலையில், நாம் கடைக் கதவில் ஒட்டும் நாலுவரி அறிவிப்பு ஆளை அழைக்கிறதா, வரக்கூடிய ஆளையும் திருப்பி அனுப்புகிறதா என்று ஆராய்வது இப்பாடத்தின் நோக்கம்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் சுமார் 56 சதவீதத்தினரே தொழிலாளர் கணக்கில் இருந்தனர். ஆண்களிலோ 80 சதவீதத்துக்கும் மேல். ஆள் இல்லை என்று சொல்லும் நாம் இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மேல்நாடுகளிலும் ஒரு காலத்தில் வேலை விளம்பரங்கள் ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி என்று பிரித்தே அச்சிடப்பட்டன. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்றின் வழக்கில், இவ்வாறு பிரித்துப் போடுவதைத் தடுக்கும் நகர விதி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. நாளடைவில் பத்திகள் மறைந்தன. வார்த்தைகள் மறையவில்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவின் வேலை விளம்பரங்கள் ஏறக்குறைய நாலாயிரத்தை அலசிப் பார்த்தார்கள். ஆண்கள் மிகுந்த தொழில்களின் விளம்பரங்களில் தலைமை, போட்டி, ஆதிக்கம் என்ற இனத்துச் சொற்கள் கூடுதலாக இருந்தன. அவற்றைப் படித்த பெண்கள், இவ்வேலை நம்மால் முடியாது என்று எண்ணவில்லை. இங்கே நமக்கு இடமில்லை என்றே எண்ணினார்கள். இந்த ஒன்றை வியாபாரிகள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். திறமையுள்ளவரே ஒதுங்கிப் போகிறார் என்பது இதன் பொருள்.

அந்த ஆய்வின் சொற்பட்டியலைக் கொண்டு உண்டானதுதான் ‘ஜெண்டர் டீகோடர்’ என்னும் இலவசக் கருவி. விளம்பரத்தை அதில் இட்டால் இருபக்கச் சொற்களையும் எண்ணி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடும். நம் கணக்கப்பிள்ளை பேரேட்டில் புள்ளி வைத்துச் சரிபார்ப்பதைப் போன்ற வேலைதான், மாயம் ஒன்றுமில்லை. 2014இல் சியாட்டில் நகரில் தொடங்கிய ‘டெக்ஸ்டியோ’ இன்னும் ஒரு படி மேலே போய், முன்பு வந்த விளம்பரங்களையும் அவற்றுக்குக் கிடைத்த பலனையும் வைத்து, எழுதும்போதே வேறு சொல்லை எடுத்துக் கொடுக்கிறது.

ஆனால் யந்திரம் நம் பழைய வழக்கத்தையே படித்துக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. அமேசான் நிறுவனம் மனுக்களைத் தரம் பிரிக்க ஒரு கருவி செய்து பார்த்தது. பத்து வருடத்து மனுக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே ‘பெண்கள்’ என்ற சொல் வந்த மனுக்களுக்கெல்லாம் கருவி மதிப்பைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. 2018இல் செய்தி வெளியாயிற்று. செயற்கை அறிவிடம் சொல்லி விளம்பரம் எழுதி வாங்கும் இளைஞர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நம் கடைக்கு வருவோம். ஜெண்டர் டீகோடரின் பட்டியல் ஆங்கிலச் சொற்பட்டியல். தமிழ் அறிவிப்பை அதில் இட்டால் ஒன்றும் அகப்படாது. மலாய் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ‘தியா’ என்ற ஒரே சொல்தான். அப்படிப்பட்ட மொழியிலும் ‘லெலாக்கி சஹாஜா’, அதாவது ஆண்கள் மட்டும், என்று வலிய எழுதி ஒட்டுகிறோம். தமிழிலோ ‘கடைக்குப் பையன் தேவை’, ‘கணக்குத் தெரிந்தவன் தேவை’ என்பது பழக்கம். (நாற்பது வயதானாலும் நம் கடைகளில் அவர் பையன்தான்!) இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டியதில்லை, கண் போதும். தமிழில் ‘ன்’ இருக்கும் இடத்தில் ‘ர்’ போட்டால் தெரிந்தவர், ஊழியர், காசாளர் என்று இருபாலாருக்கும் பொதுவாகிவிடும், மரியாதையும் கூடும்.

எழுத்தை மாற்றினால் போதுமா? போதாது. சொற்களை மட்டும் மாற்றியதால் விண்ணப்பிப்போர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2023இல் வந்த ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது. அறிவிப்பைப் படிக்கும் ஒரு சகோதரி முதலில் அறிய விரும்புவது, கடை எத்தனை மணிக்கு அடைப்பு, மக்ரிபுக்கு முன் வீடு போய்ச் சேரலாமா, தொழ இடம் உண்டா, சம்பளம் எவ்வளவு என்பவற்றைத்தான். நம் அறிவிப்புகளில் இவற்றுள் ஒன்றும் இருப்பதில்லை. தொலைபேசி எண் மட்டும் பெரிதாக இருக்கிறது.

அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்த வரலாறு நாம் அறிந்ததே. அவரை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் எடுத்துச் சொன்னவர் ஒரு பெண். வலிமை, நம்பிக்கை என்ற இரண்டையே அவர் தகுதியாகக் கூறினார். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு செல்ல ஆள் தேடியபோது நாணயத்தையே பார்த்தார்கள். வேலைக்கு வேண்டிய குணத்தைச் சொல்லி ஆள் தேடுவது நமக்குப் புதிய பாடமன்று.

அரிசி மூட்டை தூக்க வேண்டுமானால், ‘25 கிலோ மூட்டை தூக்க வேண்டும்’ என்றே எழுதலாம். முடிந்தவர் வருவார். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வாளி சுமந்து நடந்த தாய்மார்களை நாம் பார்த்தவர்கள்தானே! 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபோது, இளம்பெண்களின் விரல் நுணுக்கமானது என்று அவர்களையே கேட்டு வாங்கினார்கள். அதுவும் ஒருவகை ஓரவஞ்சனைதான். சம்பளம் தாழ்ந்திருக்கவும் அது வழிசெய்தது. ஆயினும் கேட்டவர்களுக்கு ஆள் கிடைத்தது.

பால் குறித்தே கேட்கவேண்டிய வேலைகளும் உண்டு. பெண் மையித்தைக் குளிப்பாட்டுதல் அத்தகையது. அங்கே காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் யாருக்கும் மனக்குறை இராது.

சட்டத்தைப் பற்றியும் சிறிது. அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவில் பால் வேற்றுமை கூடாதென்ற சொல் 2001இல் சேர்ந்தது. கர்ப்பிணி என்பதால் தற்காலிக ஆசிரியை ஒருவரின் நியமனத்தை ரத்துச் செய்தது அப்பிரிவுக்கு விரோதம் என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2011இல் கூறிற்று. அது அரசாங்க வேலை. தனியார் கடைகளுக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் இருக்கிறது. வேலையில் பாகுபாடு என்று தொழிலாளி முறையிட்டால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். அதை நிறைவேற்றாதவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். வேலை தேடி வருகிறவரை அத்திருத்தம் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அந்த இடைவெளியில் நம் கதவில் என்ன எழுதுகிறோம் என்பது நம் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது.

மாதிரிக்கு ஒன்று தருகிறோம். ‘ஜவுளிக்கடைக்கு ஊழியர் தேவை. துணி அளந்து வெட்டவும் மலாய் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை. தொழுகைக்கு இடமும் நேரமும் உண்டு. ஆண், பெண் இருபாலாரும் வரலாம்.’ இதன்கீழ் சம்பளத்தை எழுதுக.

இதையே மலாயிலும் எழுதும்போது இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் ‘ஊழியர்’ என்று திருத்திவிட்டு, மலாயில் பழைய தாளைப் பார்த்து நகல் எடுத்ததால் ‘லெலாக்கி’ அப்படியே தங்கிவிடுவதுண்டு. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே சுலபம்.