தான் இயற்றிய சட்டத்தை அரசு கைவிடலாமா?

ஒரு நாட்டின் சட்டசபை திருமணத்தைப் பற்றி ஒரு சட்டத்தை நிறைவேற்றுகின்றது. சில ஆண்டுகளின் பின் ஒருவர் நீதிமன்றம் சென்று, இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது, இதனால் எனக்கு அநீதி நேர்ந்துள்ளது என்று முறையிடுகின்றார். வழக்குக் கூப்பிடப்படுகின்றது. முறையிட்டவரின் சட்டத்தரணி எழுந்து பேசுகின்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அரசின் சட்டத்தரணி. அவரோ எழுந்து, "அவர் சொல்வதுதான் சரி; எமக்கும் இச்சட்டத்தில் நம்பிக்கையில்லை" என்கின்றார். இது முறையாகுமா?

இது கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2009க்கும் 2015க்கும் இடையில் இப்படிப் பலமுறை நடந்தது. திருமணத்தைப் பற்றிய திருச்சபையின் போதனையை இங்கு விரிக்கப் போவதில்லை. ஆணும் பெண்ணும் ஆயுள் முழுவதும் ஒன்றித்து வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் உறவே திருமணம் என்பதும், அரசுகள் தோன்றுமுன்பே இறைவன் அதை ஏற்படுத்தினார் என்பதும் நீங்கள் அறிந்தவையே. இன்று நாம் ஆராய்வது ஆட்சியாளரின் கடமையை.

1996 செப்டெம்பரில் ஜனாதிபதி பில் கிளின்ரன் திருமணப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பிரதிநிதிகள் சபையில் 342 பேர் ஆதரவாகவும் 67 பேர் எதிராகவும் வாக்களித்தனர். செனற் சபையில் 85க்கு 14. இரு பெரும் கட்சியினரும் சேர்ந்து செய்த சட்டம் அது. மத்திய அரசின் சட்டங்களில் திருமணம் என்ற சொல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவன் மனைவியாக இணைவதையே குறிக்கும் என்று அதன் 3ஆம் பிரிவு கூறியது. ஒபாமா ஆட்சியின் முதல் இரண்டு ஆண்டுகளிலும்கூட அரசின் சட்டத்தரணிகள் நீதிமன்றங்களில் அதற்காக வாதாடினர்.

2011 பெப்ரவரி 23ஆந் திகதி நிலைமை மாறியது. சட்டமா அதிபர் எரிக் ஹோல்டர் சபாநாயகருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 3ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஜனாதிபதி கருதுகின்றார், ஆகையால் அதற்காக இனி வாதாட மாட்டோம், ஆயினும் அது நீக்கப்படும் வரை தொடர்ந்து அமுல்படுத்துவோம் என்பது கடிதத்தின் சாரம். ஒரு கையால் சட்டத்தை நடத்துவோம், மறு கையால் கைவிடுவோம் என்ற இந்த நிலைப்பாடு எமக்கு இன்றும் விளங்கவில்லை.

பிரதிநிதிகள் சபையின் சட்ட ஆலோசனைக் குழு 3க்கு 2 என்ற வாக்கினால் தானே வழக்கை நடத்தத் தீர்மானித்து, போல் கிளெமென்ற் என்ற பெயர்பெற்ற சட்டத்தரணியை அமர்த்தியது. சில நாட்களில் அவர் சேர்ந்திருந்த சட்ட நிறுவனம் வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. அவரோ நிறுவனத்தை விட்டு விலகினார், வழக்கை விடவில்லை. அமெரிக்க ஆயர் பேரவையின் தலைவராயிருந்த பேராயர் திமோத்தி டோலனும் அவ்வாண்டு செப்டெம்பரில் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதித் தம் கவலையைத் தெரிவித்தார்.

உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஈடித் வின்ட்சர் என்ற மூதாட்டியுடையது. 2007இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் அவர் மணஞ்செய்துகொண்ட தோழி 2009இல் இறந்தார். இறந்தவர் கணவராயிருந்தால் வரியில்லை. தோழியானபடியால் 3 இலட்சத்து 63 ஆயிரம் டொலருக்கு மேல் மரணச் சொத்து வரி கட்ட நேர்ந்தது. அவருடைய துயரை ஏளனமாய்ப் பேசுவது கிறிஸ்தவனுக்கு அழகன்று. இப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் நடத்தும்படி திருச்சபையின் மறைக்கல்வி நூலே கேட்கின்றது. ஆனால் அரசு செய்ததைப் பாருங்கள். அவர் சொல்வது சரியென்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. பணத்தையோ திருப்பிக் கொடுக்கவில்லை. தான் விரும்பிய தீர்ப்புக் கிடைத்த பின்பும் மேன்முறையீடு செய்தது. வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது தீர்க்க வேண்டிய பிணக்கு எங்கேயிருக்கின்றது என்று, மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் அன்ரனின் ஸ்கலியா கேட்டார். 2013 ஜூன் 26இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் 3ஆம் பிரிவு செல்லாதென்று தீர்க்கப்பட்டது.

இந்த வழக்கில் சட்டத்துக்காகப் பேச ஒருவராவது இருந்தார். அதே நாளில் முடிந்த கலிபோர்னியா வழக்கில் நடந்தது இதிலும் மோசம். அங்கே 2008 நவம்பரில் மக்களே வாக்களித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணமே செல்லும் என்று மாநில அரசியலமைப்பில் எழுதினர். ஆதரித்தோர் 70 இலட்சத்துக்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு 52 வீதம். வழக்கு வந்தபோது ஆளுநர் ஆர்னோல்ட் ஷ்வார்செனேகரும் மாநிலச் சட்டமா அதிபர் ஜெரி பிறவுணும் அதற்காக வாதாட மறுத்தனர். பிரேரணையைக் கொண்டுவந்த குடிமக்கள் தாமே முன்வந்து வழக்காடித் தோற்று, மேன்முறையீடு செய்தனர். அவர்கள் மாநிலத்தின் சார்பில் வாதாடலாம் என்று கலிபோர்னிய உயர் நீதிமன்றமும் 2011இல் கூறியது. ஆனால் வாஷிங்டனிலுள்ள உயர் நீதிமன்றம், உங்களுக்கு மேன்முறையீடு செய்யும் தகுதியில்லை என்று 5க்கு 4 பெரும்பான்மையால் அனுப்பிவிட்டது. சட்டம் சரியா பிழையா என்று அந்த நீதிமன்றம் சொல்லவேயில்லை. முதல் நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படியே நிலைத்தது.

எங்கள் ஊர்வழக்கில் சொல்லப்போனால் விடயம் இதுதான். வெளிநாடு போகும் பிள்ளை தன் காணியைப் பார்க்கும்படி பெரியப்பாவுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கின்றான். அயலவர் வேலியைக் குறித்து வழக்கு வைக்கின்றார். பெரியப்பா நீதிமன்றத்துக்குப் போகவில்லை; அல்லது போய், வேலி அவருடையதென்றே நானும் நினைக்கின்றேன் என்று சொல்லிவிட்டு வருகின்றார். பிள்ளை ஓடிவந்து நின்றால், நீர் இந்த வழக்கில் ஆளல்ல என்கிறார்கள். அயலவரின் உரித்து உண்மையாகவே இருக்கலாம். அது விசாரித்துத் தெரிய வேண்டியது. அற்றோணியை வைத்திருப்பவர் விட்டுக்கொடுத்துத் தீர்ப்பதற்குக் காணி அவருடையதன்று.

அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்வது அரசியலமைப்பைக் காப்பதற்கு. அதற்கு முரணானதென்று தாம் நம்பும் சட்டத்துக்காக அவர் எப்படி வாதாடுவார்? 1926இலும் 1946இலும் 1983இலும் அமெரிக்க அரசு காங்கிரஸ் இயற்றிய சட்டங்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நின்றதுண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வழக்குகளிலும் சட்டத்தின் பக்கத்தைச் சொல்ல வேறு சட்டத்தரணிகள் இருந்தனர். ஆட்சியாளர் தம் கருத்தை வெளியிடுவது வேறு. எதிர்க்கருத்து நீதிமன்றத்தின் காதில் விழாதபடி நடப்பது வேறு.

இதில் திருச்சபையின் சொந்த நீதிமன்றங்களைப் பார்ப்பது எமக்கு மிகவும் பயன்படும். 18ஆம் நூற்றாண்டில் சில மறைமாவட்டங்களில் திருமண வழக்குகள் சீர்கெட்டிருந்தன. பிரிய விரும்பும் ஒருவர் மாத்திரம் வருவார், மற்றவர் வரமாட்டார், அல்லது இருவரும் உள்ளூர ஒத்துக்கொண்டு வருவார்கள். மறுப்பதற்கு ஆளில்லாமல், திருமணம் செல்லாதென்ற தீர்ப்பு இலகுவாகக் கிடைக்கும். பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் 1741 நவம்பர் 3ஆந் திகதி ஒரு சட்டத்தை வெளியிட்டு, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் திருமணப் பிணைப்பின் காவலர் ஒருவர் இருக்க வேண்டுமென்று பணித்தார். அந்தப் பிணைப்புக்காகப் பேசுவதே அவர் வேலை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1432ஆம் சட்டமும், திருமணம் செல்லாதென்பதற்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடிய யாவற்றையும் எடுத்துரைக்க அவரைக் கடமைப்படுத்துகின்றது. அவர் அழைக்கப்படாமலும் பங்குகொள்ளாமலும் நடந்த விசாரணை செல்லாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் இவ்வழக்குகளைச் சுருக்கி இலகுவாக்கியபோதும் இந்தப் பதவியை அகற்றவில்லை.

பிணைப்பின் காவலர், அந்தத் தம்பதிகளின் திருமணம் செல்லுபடியானதென்று தம் மனத்தில் நம்ப வேண்டியதில்லை. இல்லாததை இட்டுக்கட்டவும் கூடாது. உள்ளதைச் சொல்லாமல் விடவும் கூடாது. தீர்ப்பை நீதிபதி வழங்குவார். அரசின் சட்டத்தரணியிடம் நாம் எதிர்பார்ப்பதும் இவ்வளவே.

"அப்படியானால் கெட்ட சட்டத்துக்கும் வாதாட வேண்டுமோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளையரும் கறுப்பரும் மணஞ்செய்வதைத் தடுத்த சட்டங்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தன. கலிபோர்னியாவில் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த மணமக்கள் இருவரும் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபை எங்களுக்குத் திருமண அருட்சாதனத்தை வழங்க ஆயத்தமாயிருக்கும்போது அரசு தடுக்கலாமா என்று அவர்கள் கேட்டனர். 1948இல் 4க்கு 3 பெரும்பான்மையால் வென்றனர். 1967இல் வேர்ஜீனியா மாநிலத்தின் இத்தகைய சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ரிச்மண்ட் ஆயர் ஜோன் ரசலும் வேறு ஆயர்களும் அதற்கு எதிராக எழுத்து மூலம் வாதம் சமர்ப்பித்தனர். மாநில அரசோ தன் சட்டத்துக்காகக் கடைசிவரை வாதாடியது. நீதியரசர்கள் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டனர். அந்தச் சட்டம் கடவுளின் நீதிக்கு ஏற்காதது. ஆயினும் அதற்காகச் சொல்லக்கூடிய எல்லாம் சொல்லப்பட்டு, கேட்கப்பட்டு, மறுக்கப்பட்டதால், அத்தீர்ப்பைத் திருட்டுத்தனமாய் வந்ததென்று எவரும் சொல்ல முடியவில்லை. 2013இன் தீர்ப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பின்பு 2015இல் உயர் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒருபாற் திருமணத்தை அனுமதித்தது. 1996இன் சட்டம் 2022 டிசெம்பரில் காங்கிரசினாலேயே நீக்கப்பட்டது. நீக்கியது பிழையென்பது எம் எண்ணம். ஆனால் சட்டசபை செய்ததைச் சட்டசபையே நீக்கியது. முறையைப் பொறுத்தவரை அதில் குற்றங்காண இடமில்லை.

கடினமான இடம் ஒன்று மீதியிருக்கின்றது. அரச சட்டத்தரணி கத்தோலிக்கர். கருச்சிதைவை அனுமதிக்கும் சட்டத்துக்காக வாதாடும்படி கோவை அவர் மேசைக்கு வருகின்றது. மனச்சாட்சிக்கு மாறாக அவர் வாதாடலாகாது. அதற்காக, வழக்கை ஏற்றுக்கொண்டு அரைமனத்தோடு நடத்தித் தோற்க விடுவதும் நேர்மையன்று. கோவையை வேறொருவரிடம் கொடுக்கும்படி கேட்டு விலகலாம். அது முடியாவிட்டால் பதவியைத் துறக்கலாம். புனித தோமஸ் மூர் செய்தது இதுவே. 8ஆம் ஹென்றி மன்னனின் திருமண விவகாரம் முற்றிய காலத்தில், 1532 மே மாதம், இங்கிலாந்தின் மிக உயர்ந்த சட்டப் பதவியைத் துறந்து வீட்டுக்குப் போனார். பதவியிலிருந்துகொண்டே மன்னனின் வேலையைக் கெடுக்க அவர் நினைக்கவில்லை. மூன்றாண்டுகளின் பின் தலையையும் கொடுத்தார்.

இலங்கையில் இத்தகைய வழக்கு எழ வழியில்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் அத்தாட்சி எழுதியபின் ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. 1907இன் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் போன்ற பழைய சட்டங்களையும் 16ஆம் உறுப்புரை அப்படியே காத்து நிற்கின்றது. சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் நின்று பேசுவதும், குடிமக்கள் எதிர்த்து மனுச் செய்வதும், மசோதா பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபின் வரும் சில நாட்களுக்குள் நடக்க வேண்டும். திருமணத்தையோ குடும்பத்தையோ தொடும் மசோதா வர்த்தமானியில் வெளியானதாகக் கேள்விப்பட்டால், அதை எடுத்து வாசித்து, உங்கள் பங்குத்தந்தையிடமும் தெரிந்த சட்டத்தரணியிடமும் அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.