கொழும்பில் கொத்தமல்லி: சாடித் தோட்டம் தொடங்கும் இளையவருக்கு

கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்பும் பயிர். 17 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில்தான் அது நிதானமாகத் தழைக்கும். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. இரவிலும் பெரும்பாலும் 22க்குக் கீழே இறங்குவதில்லை. நுவரெலியாக் குளிரில் நெடுநாள் இலைவிடும் செடி, வெள்ளவத்தையில் ஐந்தாறு வாரத்திலேயே தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும். அதைக் கண்டு கை ராசியில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. வெப்பம் ஏறினால் விரைந்து விதை வைப்பது அந்தச் செடியின் இயல்பு. கொழும்பில் இதை ஒரு மாதத்துப் பயிராகவே கொள்ள வேண்டும்: கொஞ்சமாக விதைத்து, இளசாகப் பிடுங்கி, மறுபடி விதைப்பது. ஒரே செடியை மாதக்கணக்காகக் கிள்ளிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குபவர்கள்தான் இரண்டாவது மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

விதைக்கு, சமையலுக்கு விற்கும் மல்லியே போதும். ஆனால் நாட்பட்டதும் சூடு காட்டியதும் முளைக்காது. பத்து மணிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. பத்து நாளில் பாதிகூட முளைவிடாவிட்டால் வேறு கடையில் வாங்க வேண்டும். மல்லி மணி ஒவ்வொன்றும் இரண்டு விதைகளை உள்ளடக்கிய காய். துணியில் பரப்பி, மேலே ஒரு போத்தலை மெதுவாக உருட்டினால் மணி நெடுக்காக இரண்டாகப் பிளக்கும். அழுத்தினால் நொறுங்கிவிடும், பிளக்கும் மெல்லிய சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறினால் போதும்.

இடம் தேர்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள தொடர்மாடிகளில், மேற்குப் பார்த்த பல்கனி பின்னேர வெயில் முழுவதையும் வாங்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று உப்பையும் கொண்டுவந்து இலையோரத்தைக் கருக்கும். கிழக்குப் பார்த்த பக்கமே நல்லது. காலை வெயில் நான்கைந்து மணி நேரம், பிறகு நிழல். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான பழைய வீடுகளில் முற்றத்துக்கு வெயில் போதாது, மொட்டைமாடிக்கு அது அளவுக்கு மிஞ்சும். மாடியில் நிழல்வலை கட்டி மதிய வெயிலைத் தடுத்துக்கொள்ளலாம்.

கொத்தமல்லியின் ஆணிவேர் நேராக இறங்கும். பிடுங்கி நட்டால் அந்த அதிர்ச்சியிலேயே பூத்துவிடும். அதனால் நாற்று வேண்டாம். எட்டு அங்குல ஆழமுள்ள சாடியில் நேரடியாக, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைக்க வேண்டும். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சமபங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே கலக்க வேண்டும். இரசாயனப் பசளை தேவையே இல்லை. ஒரு மாதமே வாழும் இந்தச் செடிக்கு மரக்கறிக் கழிவில் செய்த எரு தாராளம்.

மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்; தேங்கினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். சாடித் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. டெங்கு நுளம்பு அதில் இடும் முட்டை, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நுளம்பாக வளர்ந்து பறந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பவற்றில் அந்தத் தட்டும் ஒன்று. தட்டை எடுத்துவிடலாம், அல்லது மணலால் நிரப்பலாம்.

இரவு சற்றுக் குளிரும் டிசெம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி வரை சிறந்த காலம். மார்ச், ஏப்ரல் மிகக் கடினம். ஒக்டோபர், நவம்பர் மழையில் கூரையின் கீழ் மட்டும் முடியும். நல்ல காலத்தில் மூன்று சாடிகளில் பத்து நாள் இடைவெளிவிட்டு விதைத்தால் ஒன்று முடியுமுன் அடுத்தது கைக்கு வரும்.

முளை வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். முதலில் ஒடுங்கிய இரண்டு வித்திலைகள், பின்னரே விசிறி விரித்தாற்போன்ற உண்மையான இலை. ஒரு சாண் உயரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். நடுவிலிருந்து ஒரு தண்டு மட்டும் விரைந்து எழுந்து, அதில் வரும் இலை நூல்நூலாகப் பிரிந்தால் செடி பூக்கத் தீர்மானித்துவிட்டது. நுனியைக் கிள்ளியும் பயனில்லை. ஓரிரு செடிகளை மட்டும் பூக்க விடலாம். தேனீ வரும், பச்சைக் காயைத் தேங்காய்ப்பூவோடு அரைத்தால் சம்பலுக்கு இலையும் விதையும் கலந்த ஒரு காரமான மணம் கிடைக்கும்.

யாழ்ப்பாணச் சமையலில் முதலிடம் விதைக்குத்தான்: கறித்தூளிலும், இரசத்திலும், தடிமனுக்கு இஞ்சியோடு அவிக்கும் குடிநீரிலும். அந்த அளவு மல்லியைச் சாடியில் எடுக்க முடியாது. கடையில் வாங்குவதே சரி. சாடி தருவது இலையை. இலையின் மணம் அல்டிகைட்டுகளால் ஆனது, சூட்டில் சில நிமிடங்களில் போய்விடும். ஆகவே இரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தூவ வேண்டும். தண்டிலும் வேரிலும் மணம் உண்டு. அவற்றை எறியாமல் பச்சை மிளகாய், உள்ளி, தேசிக்காய்ப்புளியோடு சட்னிக்கு அரைக்கலாம்.

கொத்தமல்லி வராத மாதங்களுக்கு இன்னொரு செடி இருக்கிறது. நீண்ட இலையும் முள்ளோரமும் உடைய ஆப்பிரிக்கன் மல்லி. பெயர் அப்படியிருந்தாலும் இதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். கொழும்பின் புழுக்கமும் மழையும் நிழலும் இதற்கு ஒத்துவரும். கொட்டாஞ்சேனை முற்றத்தில் கொத்தமல்லி தோற்கும் மூலையில் இது தழைக்கும். நடுவில் எழும் பூந்தண்டை அவ்வப்போது வெட்டினால் பல மாதம் இலை தரும். மணம் கொத்தமல்லியை ஒத்தது, ஆனால் கடுமை கூடியது, சூட்டையும் தாங்கும்; கொத்தமல்லி போடும் அளவில் பாதியைப் பொடியாக அரிந்து, கறி கொதிக்கும்போதே சேர்க்கலாம்.